மறதி என்று எழுத வேண்டாம்

புது ஷூ போட்டுக்கொண்டு மலை ஏறக் கூடாது. பதினைந்து நாளாவது வீட்டிலும் தெருவிலும் போட்டு நடந்து பழக்க வேண்டும். இல்லையென்றால் இறங்கும்போது கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த எல்லோருக்கும் இதை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கேட்காமல் வந்து நகத்தைப் பறிகொடுத்தவர்களும் உண்டு.

என் பெயர் அனுசுயா. வயது அறுபத்தெட்டு. ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் மகன் இளவரசன் வீட்டில் இருக்கிறேன். பெண்கள் பள்ளி ஒன்றில் முப்பத்துநான்கு வருஷம் பி.டி. டீச்சராக இருந்தேன். இன்ஸ்பெக்டர் மேடம், நீங்கள் “சொல்லுங்கம்மா, ரைட்டர் எழுதிக்குவார்” என்றீர்கள். நானே எழுதுகிறேன் என்று தாள் கேட்டு வாங்கிக்கொண்டேன். கையெழுத்து கோணாமல் இருப்பதை நீங்களும் பார்க்கலாம்.

நான் இங்கே வந்தது தெரிந்து ஓடிவந்த இளவரசன் வெளியே பெஞ்சில் வக்கீலோடு உட்கார்ந்திருக்கிறான். அவன் கையில் நரம்பு டாக்டர் கொடுத்த சர்டிபிகேட் இருக்கிறது. எனக்கு ஞாபக மறதி நோய், ஆரம்ப நிலை என்று அதில் எழுதியிருக்கிறது. போன மாதம் பச்சைமலையில் சகாயநாதன் சார் இறந்தது என் மறதியால் நேர்ந்த விபத்து என்று நீங்கள் ஏற்கெனவே கேஸை முடித்துவிட்டீர்கள். அது அப்படியே இருக்கட்டும் என்பது அவன் ஆசை. நல்ல பிள்ளை. ஆனால் நடந்தது அதுவல்ல, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் ரிட்டையர் ஆன மறுவருஷமே என் வீட்டுக்காரர் போய்விட்டார். இளவரசன் தன் வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை கொடுத்தான். டிவி, ஏசி, உள்ளேயே பாத்ரூம் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பாடும் மேலேயே வந்துவிடும். இரண்டு வருஷம் அந்த அறைக்குள் இருந்தேன். முப்பத்துநான்கு வருஷம் கிரவுண்டு வெயிலில் காய்ந்த உடம்பு அந்த இரண்டு வருஷத்தில் வெளுத்துப்போனது. பார்த்தவர்கள் எல்லோரும் “நல்லா கலர் வந்துட்டீங்களே டீச்சர்” என்பார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

அப்போதுதான் ஒரு நாள் காலை அம்மா மண்டபம் ரோட்டில் காஜா மைதீன் பாயைப் பார்த்தேன். பெரிய கடைவீதிப் பாத்திரக்கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, அறுபத்தைந்து வயதில் பேரனுடைய டவுசரை மாட்டிக்கொண்டு வந்தவர் மாதிரி அரை டிராயரில் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர். “வாங்க டீச்சர், ஞாயித்துக்கிழமை முக்கொம்பு வரைக்கும் நடக்குறோம்” என்றார். போனேன். அப்படிச் சேர்ந்ததுதான் ‘நடப்போம்’ குழு. எல்லோரும் அறுபது தாண்டியவர்கள், மொத்தம் பதினான்கு பேர்.

அந்த ஏழு வருஷத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கொல்லிமலையில் ஆயிரம் படி இறங்கி அருவியில் நின்றோம். வால்பாறையில் காலெல்லாம் அட்டை கடித்து, ஆளுக்கொரு உப்புப் பொட்டலத்தோடு குதித்துக்கொண்டு சிரித்தோம். மேகமலையில் அறுபத்துமூன்றாம் வயதில் முதல்முறையாகக் கூடாரத்தில் படுத்தேன். பக்கத்தில் லூர்துராணி விட்ட குறட்டையில் கூடாரமே ஆடியது. லூர்துராணி ரிட்டையரான நர்ஸ், பார்க்கத்தான் சாது. காலையில் டென்ட் ஜிப்பைத் திறந்தால் பனி மூட்டம், பாய் பால் சேர்க்காத கட்டன் சாயா போட்டுக்கொண்டிருப்பார். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். என் கல்யாணத்தில்கூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததாக ஞாபகம் இல்லை.

குழுவுக்கு விதிகளை எழுதியவள் நான். ஒவ்வொருவருக்கும் நிரந்தரமாக ஓர் எண். கிளம்பும் முன் பாய் விசில் அடிப்பார். பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று நம்பர் சொல்வதைப்போல ஒன்று, இரண்டு, மூன்று என்று அவரவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். ஓர் எண் குறைந்தாலும் வண்டி நகராது. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்திருந்தோம். ஒருவர் ஒதுங்கப் போயிருந்தாலோ, வாயில் ஏதாவது மென்றுகொண்டிருந்தாலோ அவருடைய ஜோடி அவருக்கும் சேர்த்துச் சொல்லலாம். சகாயநாதன் சார் பதினொன்று. நான் பன்னிரண்டு. நாங்கள் இரண்டு பேரும்தான் எப்போதும் கடைசியில் வருகிற ஜோடி. பின்தங்கியவர்களைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை.

மூன்றாவது விதியும் நான் எழுதியதுதான். மயங்கி விழுந்தவர், வழி தவறியவர், மற்றவர்கள் தூக்கி வரும்படி ஆனவர் இனி மலைக்கு வரக் கூடாது. அவர்கள் பெயர் கோயில் லிஸ்டுக்குப் போய்விடும். கோயில் லிஸ்ட் என்றால் வருஷத்துக்கு இரண்டு முறை ஏசி பஸ், நவக்கிரகக் கோயில்கள், புளியோதரைப் பொட்டலம், வாசலில் ஒரு குரூப் போட்டோ. மருங்காபுரி நல்லுசாமி ஐயா கொல்லிமலைப் படியில் ஒருமுறை மயங்கி விழுந்தார். அன்றைக்கே அவர் பெயரை நான் மாற்றினேன். “டீச்சர், வெயில்ல வந்த மயக்கம்மா அது. ஒரே ஒரு சான்ஸ் குடுங்க” என்று என் எதிரில் நின்று கேட்டார். விதி என்றால் விதிதான் ஐயா என்றேன். பஸ்ஸிலும் அவர் ஒருதடவைதான் வந்தார். இப்போது காலையில் வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூ படம் போட்டுக் குட்மார்னிங் சொல்வதோடு சரி.

ஆகவே என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். குழுவில் இல்லையென்றால் எனக்கு அந்த மாடி அறைதான். அதற்குள் மறுபடி போக என்னால் முடியாது. மேடம், இந்த ஒன்று புரிந்தால் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

ஆகஸ்ட் மாதம் முக்கொம்புக்குப் போயிருந்தோம். பாத்ரூமிலிருந்து வெளியே வந்தேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. தண்ணீர் ததும்பி ஓடுவது தெரிந்தது, ஷட்டர் தெரிந்தது, மீன் வறுக்கிற வாசனை வந்தது. இது முக்கொம்பு என்றுகூடத் தெரிந்தது. யாரோடு வந்தேன், எதற்கு வந்தேன் என்பது மட்டும் இல்லை. ஒரு மரத்தடியில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சகாயநாதன் சார் இரண்டு கையிலும் மிளகாய்ப்பொடி தடவிய மாங்காய்ப் பத்தையோடு வந்தார். முகத்தைப் பார்த்தார். “வாங்க டீச்சர், எல்லாரும் அந்தப் பக்கம் இருக்காங்க” என்று மட்டும் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார். யாரிடமும் ஒரு வார்த்தை விடவில்லை.

அவரைப் பற்றி நான் நல்லபடியாகத்தான் எழுத முடியும். துவாக்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக இருந்தவர். எங்கே கயிறு நைந்திருக்கிறது, எந்தக் கல் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். மனைவி பிரான்சி இறந்துவிட்டார். மகள் ஷெர்லின் மஸ்கட்டில். வீட்டில் தனி ஆள். பறவைகளை போட்டோ எடுப்பதில் பைத்தியம். ஒவ்வொரு குருவிக்கும் பெயர் சொல்லி எனக்குக் காட்டுவார்.

அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை பச்சைமலைக்குப் போனோம். ஒரு வேன், ஒரு கார். காலையில் ஏறி, மேலே சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு இறங்க ஆரம்பித்தோம். வழக்கம்போல நாங்கள் இரண்டு பேரும் கடைசி. முந்திரித்தோப்பில் பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் வண்டி நிற்கிற ஊர். நான் வலது பக்கம் திரும்பினேன். அதற்கு முன்னால் மூன்று தடவை அங்கே சரியாக இடது பக்கம் திரும்பியிருக்கிறேன். அவர் குருவி ஒன்றைப் பார்த்துக்கொண்டே என் பின்னால் வந்துவிட்டார். கால் மணி நேரம் நடந்து, வறண்ட ஓடை ஒன்றில் பெரிய பெரிய பாறைகளுக்கு நடுவே நின்றபோதுதான் அவர் சுற்றிலும் பார்த்தார்.

“டீச்சர், இது வழி இல்லையே.”

அவர் என் பக்கம் திரும்பி, “கோவிச்சுக்காதீங்க. முக்கொம்புல பார்த்ததை நான் யார்கிட்டயும் சொல்லல. இது ரெண்டாவது தடவை. இன்னிக்கு நான் கூட இருந்தேன். மே மாசம் குழுவோட இமயமலை போறோம். அங்க பனிக்குள்ள நீங்க தனியா திரும்பிட்டா என்ன பண்றது?” என்றார்.

“இமயமலை மட்டும் போயிட்டு வந்துடறேன் சார். அப்புறம் நானே ஒதுங்கிக்கறேன்.”

“இல்ல டீச்சர். இன்னிக்கு சாயந்திரமே பாய்கிட்ட சொல்லிடறேன். சொல்லாம விட்டா அது உங்களுக்கு நான் செய்யற துரோகம். டாக்டரைப் பாருங்க. ஷெர்லின்கிட்ட கேட்டு நல்ல டாக்டரா நான் விசாரிக்கிறேன்.”

என்னவெல்லாமோ சொன்னேன். மகன் வீட்டு அறையைப் பற்றிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், மனது மட்டும் இரங்கவில்லை. கடைசியில் நான் குனிந்து அவர் காலைத் தொட்டேன். வாழ்க்கையில் நான் யார் காலிலும் அப்படி விழுந்ததில்லை. “ஐயோ, என்ன டீச்சர் இது” என்று பதறிப்போய் இரண்டு அடி பின்னால் வைத்தார். வயதில் தன்னைவிடப் பெரியவள் காலைத் தொட்டால் யார்தான் பதற மாட்டார்கள். பின்னால் பள்ளம். இரண்டு பாறைக்கு நடுவே வலது கால் இறங்கி, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் தள்ளவில்லை மேடம். இதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

கால் பாறை இடுக்கில் சிக்கிக்கொண்டது. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துப் பார்த்தோம். முடியவில்லை. துண்டை மடித்து அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தேன். தண்ணீர் பாட்டிலையும் கடலை மிட்டாயையும் கொடுத்தேன். முதலுதவி எனக்குக் கைவந்த விஷயம். என் போன் வேனில் பைக்குள் இருந்தது. அவர் போனில் நாலு பர்சென்ட் சார்ஜ்தான் இருந்தது, நாள் பூராவும் போட்டோ எடுத்ததில் தீர்ந்துவிட்டது. ஆஃப் பண்ணி வையுங்கள், யாருக்கும் போட்டு வீணாக்காதீர்கள், நான் போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், ஐந்து மணிக்கு மேலும் வரவில்லையென்றால் எனக்கு மட்டும் போடுங்கள் என்றேன். சரி என்றார். எங்கள் எல்லோர் கழுத்திலும் விசில் தொங்கும். என் விசில் சரியாக ஊதவில்லை, உங்களுடையதைக் கொடுங்கள் என்று கேட்டேன். கழற்றிக் கொடுத்தார். அதை வாங்கும்போது எனக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை என்றுதான் நம்புகிறேன். என் விசிலும் நன்றாகத்தான் ஊதியது.

நான் கிளம்பும்போது அவர், “வழி தெரியுமா டீச்சர்? முந்திரித்தோப்புல நாம விட்ட இடது பாதை” என்றார்.

கால் முறிந்து கிடக்கிற நேரத்திலும் அதைத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டாம்.

நான் நடந்தேன். ஒரு திருப்பம்கூடத் தப்பவில்லை. முந்திரித்தோப்பு, மரவள்ளிக் கொல்லை, உடைந்த தொட்டி, எல்லாம் அததன் இடத்தில் இருந்தன. மனதில் அவ்வளவு தெளிவு அதற்கு முன் பல மாதமாக எனக்கு இல்லை. வானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மலையில் மழை பெய்தால் வறண்ட ஓடையில் எவ்வளவு வேகமாகத் தண்ணீர் வரும் என்பதும் எனக்குத் தெரியும். அதைப் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான்.

ஊருக்குள் வந்தபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. லூர்துராணிக்குக் கால் பிடித்துக்கொண்டதால் கார் நான்கு பேரோடு முன்னாலேயே கிளம்பிவிட்டது. பாய் அதற்குப் பிறகுதான் இறங்கி வந்தார்; காரில் யார் யார் ஏறினார்கள் என்று அவர் பார்க்கவில்லை, அவர்கள் நம்பரை வேனில் இருந்த ஜோடிகள்தான் சொல்ல வேண்டும். மீதிப் பேர் வேனில் அடித்துப்பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். பாய் தலையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு விசில் அடித்தார். நம்பர் வந்தது. எட்டு, ஒன்பது, பத்து. பத்துக்குப் பிறகு ஒரு நொடி இடைவெளி. அந்த ஒரு நொடிதான் மேடம் எனக்கு இருந்தது. வாயைத் திறந்து அவர் ஓடையில் விழுந்து கிடக்கிறார் என்று சொன்னால் வேனில் இருந்த எல்லோரும் இறங்கி ஓடுவார்கள். அவரைத் தூக்கி வருவார்கள். அவர் நடந்ததைச் சொல்வார். அன்று சாயந்திரமே என் பெயர் நல்லுசாமி ஐயா பெயருக்குக் கீழே போகும்.

“பதினொன்று, ஜோடி. பன்னிரண்டு” என்றேன்.

“சகாயம் சார் எங்க?” என்றார் பாய்.

“முன்னாடியே இறங்கி கார்ல போயிட்டார் பாய். எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார்.”

பாய் மேலே கேட்கவில்லை. எண்ணிக்கை விஷயத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு அந்தக் குழுவில் ஒருநாளும் இருந்ததில்லை. காரில் போனவர்கள் அவர் வேனில் வருகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். காலையில் அவர் பாய் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்த ஸ்கூட்டர் அங்கேயே நிற்பதைப் பார்த்து, மழைக்கு பயந்து பஸ்ஸில் போயிருப்பார் என்று பாயும் நினைத்துவிட்டார். மறுநாள் மத்தியானம் ஷெர்லின் மஸ்கட்டிலிருந்து பாய்க்கு போன் போட்ட பிறகுதான் தேட ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் காலை, ஓடையில் ஒன்றரை கிலோமீட்டர் கீழே கிடைத்தார்.

என்னை எல்லோரும் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர்களே ஒரு பதிலைச் செய்துவிட்டார்கள். முக்கொம்பில் நான் மரத்தடியில் நின்றதை லூர்துராணியும் பார்த்திருக்கிறாள். வீட்டில் கேஸ் அடுப்பை அணைக்காமல் விட்டதை இளவரசன் சொன்னான். டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். கடிகாரம் வரையச் சொன்னார், மாதத்தைக் கேட்டார், மூன்று சாமான் பெயரைச் சொல்லித் திருப்பிக் கேட்டார். அதில் ஒன்று எனக்கு வரவில்லை. பழைய பயணம் எதிலோ அவர் காரில் போனதை அன்றைக்கு நடந்ததாக நான் நினைத்துக்கொண்டேன் என்று முடிவு செய்தார்கள். தேடினவர்கள் என் எதிரிலேயே “பாவம், அவங்களுக்கே தெரியாது” என்று பேசிக்கொண்டார்கள்.

அடக்கத்துக்கு வந்த ஷெர்லின் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க என்ன பண்ணுவீங்க ஆன்ட்டி? உங்களுக்கு மறந்துபோச்சு. அப்பாவுக்கு உங்க மேல வருத்தமே இருந்திருக்காது” என்றாள். அவள் என்னை அறைந்திருக்கலாம். நான் தாங்கியிருப்பேன். குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள், கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

இப்போது அதே மாடி அறை. கதவைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள மாரியாயி என்று ஓர் அம்மாவை வைத்திருக்கிறார்கள். பாவம், நல்ல பெண்மணி. “இன்னிக்கு என்ன கிழமை சொல்லுங்க பாப்போம்” என்று காலையில் கேட்பாள். சரியாகச் சொன்னால் கை தட்டுவாள். குழுவிலிருந்து என் எண்ணை எடுத்துவிட்டார்கள். கோயில் லிஸ்டில்கூட நான் இல்லை. இன்று மாரியாயி குளிக்கப் போன நேரத்தில் சாவியை எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து, நடுவில் இறங்கி மாறி, நானே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். யாரையும் வழி கேட்கவில்லை.

ஜெயிலுக்கு அனுப்பினால் போகிறேன். அது எனக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் ஒன்றும் தெரியாத கிழவி ஒருத்தி ஒரு மனுஷனை மறந்து விட்டுவிட்டு வந்தாள் என்று உங்கள் ஃபைலில் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை. பாவம் என்று என்னைச் சொல்லாதீர்கள். வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு இளவரசன் உள்ளே வருவான். அதற்குள் இன்னும் ஒன்றை எழுதிவிடுகிறேன். என் போனுக்கு அன்று மாலை ஐந்து பதினைந்துக்கு சகாயநாதன் சாரிடமிருந்து அழைப்பு வந்ததும், நாற்பது நொடி பேசியதும் உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கிறது. அந்த போன் வந்ததையும் நான் உடனே மறந்திருப்பேன் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நடந்தது இதுதான்.

துறையூரில் டீ குடிக்க வேனை நிறுத்தியிருந்தோம். எல்லோரும் நனைந்துபோய், பஜ்ஜி தின்றபடி பாட்டுக்குப் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் எழுந்தேன். போன் அடித்ததும் கடைக்குப் பின்பக்கம் போனேன். அங்கே மழைச் சத்தம் அதிகம். அவர் பக்கத்திலும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

“டீச்சர், தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துடுச்சு. எவ்வளவு தூரத்துல இருக்கீங்க?”

அவர் இரண்டு முறை டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டார். அப்புறம் கொஞ்சமும் கோபம் இல்லாமல் கேட்டார்.

“என்னை விட்டுட்டு வந்ததை மறந்துட்டீங்களா டீச்சர்?”

“இல்ல சார்” என்றேன். “நல்லா ஞாபகம் இருக்கு.”

அவருடைய போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள் மேடம். அதையும் திருத்திக்கொள்ளுங்கள். அவர் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார், நான்தான் கட் பண்ணினேன்.